கடவுளாக்கப்பட்ட பேரரசர்கள்: வாசகர் கேள்வி பதில்

பண்டைய ரோமில் பேரரசர்கள் தெய்வங்களாக வணங்கப்பட்டது குறித்து வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தனர். ஒன்றையொன்று ஒத்திருந்தவற்றைச் சேர்த்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ரோமானியப் பேரரசர் உயிரோடு இருந்தபோதே கடவுளாக வணங்கப்பட்டாரா? ஒரு நூலில் ஆம் என்றும் மற்றொரு நூலில் இல்லை என்றும் படித்தேன். எது சரி? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நீங்கள் படித்த இரண்டும் சரியாகவே இருக்கக்கூடும். ஒரு நூல் கிழக்கு மாகாணங்களை மனத்தில் கொண்டும் மற்றது ரோம் நகரை மனத்தில் கொண்டும் எழுதப்பட்டிருக்கும். இந்த வழிபாட்டைப் பற்றிப் பேசும்போது யார், எங்கே, எந்த ஆண்டில் என்று கேட்காமல் பொதுவாக விடை சொல்ல முற்பட்டால் குழப்பமே மிஞ்சும்.

கிரேக்க மொழி வழங்கிய கிழக்குப் பகுதிகளில் ஆள்பவரை வணங்குவது ரோமானியர் கொண்டுவந்த வழக்கமன்று. அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட அரச மரபினருக்கு அங்கே கோயிலும் குருமாரும் திருவிழாவும் இருந்தன. அந்த அரசர்களின் இடத்தை ரோம் பிடித்துக்கொண்டபோது, கிரேக்க நகரங்கள் முதலில் ரோம் நகரையே 'ரோமா' என்னும் பெண் தெய்வமாக்கி வணங்கத் தொடங்கின. ஸ்மிர்னா நகரம் கி.மு. 195இலேயே அத்தெய்வத்துக்குக் கோயில் எழுப்பியது. ஆகவே, உள்நாட்டுப் போர்களில் வென்று ஆட்சியைத் தனியொருவராகக் கைக்கொண்ட ஆக்டேவியனிடம், அதாவது பின்னாளில் அகஸ்டஸ் என்று பெயர் பெற்றவரிடம், இன்றைய துருக்கியில் இருந்த ஆசியா, பித்தினியா மாகாணத்தார் அவரை வணங்க அனுமதி கேட்டதில் வியப்பில்லை. கி.மு. 29இல் அவர் செய்த ஏற்பாடு அவருடைய அரசியல் நுட்பத்துக்கு நல்ல சான்று. அம்மாகாணங்களில் குடியிருந்த ரோமானியக் குடிமக்கள் எபேசுவிலும் நைசியாவிலும் ரோமா தெய்வத்தையும் இறந்துபோன ஜூலியஸ் சீசரையும் வணங்க வேண்டும்; கிரேக்கர்களோ பெர்கமோனிலும் நிகோமீடியாவிலும் ஆக்டேவியனையே வணங்கிக்கொள்ளலாம். ஒரே மாகாணத்தில் வாழ்ந்த இரு சாராருக்கு இருவேறு முறைகளை அவர் வகுத்தார்.

ரோம் நகரத்தில் இந்தத் தாராளம் செல்லாது. அரசர் என்ற சொல்லையே வெறுத்த ஒரு குடியரசின் பழம் பெருமையை நினைவில் வைத்திருந்த செனட்டர்கள் நடுவே, உயிரோடிருக்கும் ஒருவர் தமக்குக் கோயில் கட்டிக்கொண்டால் என்ன நேரும் என்பதைச் சீசரின் கொலை காட்டியிருந்தது. அகஸ்டஸின் நண்பரான அக்ரிப்பா பாந்தியன் கோயிலைக் கட்டியபோது அதனுள் அகஸ்டஸின் சிலையை வைக்க விரும்பினார். அகஸ்டஸ் மறுத்துவிட்டதால் உள்ளே சீசரின் சிலையும், வெளி மண்டபத்தில் அகஸ்டஸ், அக்ரிப்பா ஆகியோரின் சிலைகளும் வைக்கப்பட்டன. ஆனால் மறுப்பதற்கும் ஏற்பதற்கும் நடுவே ஒரு வழி இருந்தது. ஒவ்வோர் ஆணுக்கும் அவனோடு பிறந்து அவனைக் காக்கும் 'கேனியஸ்' என்னும் ஆவி உண்டென்பது ரோமானியரின் பழைய நம்பிக்கை; குடும்பத் தலைவரின் பிறந்தநாளில் வீட்டார் அந்த ஆவிக்குப் படையலிடுவர். கி.மு. 7இல் ரோம் நகரின் தெருக்களைச் சீரமைத்தபோது, சந்திகளில் இருந்த சிறு கோயில்களில் காவல் தெய்வங்களோடு அகஸ்டஸின் கேனியஸும் வைக்கப்பட்டது. அக்கோயில்களைப் பராமரித்தவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். தனிமனிதராகிய அகஸ்டஸை யாரும் வணங்கவில்லை என்று செனட்டர் ஒருவர் சொல்லிக்கொள்ளலாம். தெருவில் நின்று சாம்பிராணி இட்டவருக்கு அந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமாகப் பட்டிருக்கும் என்பது வேறு செய்தி.

அகஸ்டஸுக்குப் பின் வந்த டைபீரியஸ் இதில் இன்னும் கறாராக இருந்தார். கி.பி. 25இல் தமக்கும் தம் தாய்க்கும் கோயில் கட்ட அனுமதி கேட்ட ஸ்பெயின் நாட்டுத் தூதுக் குழுவிடம், தாம் சாகப்போகும் மனிதர் என்றும், மனிதருக்குரிய கடமையைச் செய்து முதலிடத்துக்குத் தகுதியாக நடந்துகொண்டாலே தமக்குப் போதும் என்றும் செனட்டில் கூறி மறுத்ததாக வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். அதைப் பணிவென்று சிலரும், தன்னம்பிக்கைக் குறைவென்று சிலரும், உயர்ந்த புகழை விரும்பாத சிறுமை என்று வேறு சிலரும் சொன்னார்களாம். கடவுளாக மறுத்ததற்காகவும் ஒருவர் ஏச்சு வாங்க முடிந்தது.

கேள்வி: இறந்த பேரரசரைக் கடவுளாக அறிவிக்கும் சடங்கு எப்படி நடந்தது? அறிவிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது? (கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

பதில்: அதிகாரம் செனட் சபையிடம் இருந்தது. இந்த வழிபாட்டில் பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பேரரசர் ஒருவர் தம் வாழ்நாளில் எதை வேண்டுமானாலும் கோரலாம். செத்த பின் அவருக்கு விண்ணுலகில் இடமுண்டா இல்லையா என்பதை மற்றவர்கள் கூடித் தீர்மானம் போட்டு முடிவு செய்தார்கள். அடுத்து ஆட்சிக்கு வருபவரின் விருப்பம் அந்தத் தீர்மானத்தில் பெரும் பங்கு வகித்தது என்பது உண்மையே. ஆயினும் முதல் நூற்றாண்டில் ஆண்ட பேரரசர்களில் அகஸ்டஸ், கிளாடியஸ், வெஸ்பாசியன், டைட்டஸ், நெர்வா ஆகியோருக்கு மட்டுமே அந்தப் பேறு கிடைத்தது. டைபீரியஸுக்கும் காலிகுலாவுக்கும் நீரோவுக்கும் கிடைக்கவில்லை. தம்மை 'ஆண்டவரும் கடவுளும்' என்று அழைக்கச் செய்ததாகச் சொல்லப்படும் டொமிஷியன் கி.பி. 96இல் கொலையுண்டதும், செனட் அவருடைய பெயரையே கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுக்க உத்தரவிட்டது.

முன்மாதிரி சீசர். அவர் கொலையுண்ட கி.மு. 44ஆம் ஆண்டின் கோடையில், அவர் பெயரால் ஆக்டேவியன் நடத்திய விளையாட்டு விழாவின்போது வானில் வால்மீன் ஒன்று ஏழு நாள் தெரிந்தது. அது சீசரின் ஆன்மா விண்ணேகும் அடையாளம் என்று மக்கள் பேசிக்கொண்டனர். ஆக்டேவியன் அந்தப் பேச்சை நழுவவிடவில்லை. கி.மு. 42 தொடக்கத்தில் செனட் சீசரைத் தெய்வமாக அறிவித்தது. அன்று முதல் ஆக்டேவியன் 'தெய்வத்தின் மகன்' ஆனார். வளர்ப்பு மகனாக இருந்து வாரிசுரிமைக்குப் போராடிய இருபது வயது இளைஞருக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேறு எது இருந்திருக்க முடியும்?

அகஸ்டஸ் கி.பி. 14 ஆகஸ்டு 19 அன்று நோலா நகரில் காலமானார். பிரேதம் எரிந்தபோது அவர் உருவம் வானேறியதைக் கண்ணால் கண்டதாக நியுமேரியஸ் அட்டிகஸ் என்னும் முன்னாள் நீதிபதி சத்தியம் செய்தார். அந்தச் சாட்சிக்காக அகஸ்டஸின் மனைவி லிவியா அவருக்குப் பத்து லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்ததாகக் காசியஸ் டியோ என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். செப்டம்பர் 17இல் செனட்டின் தீர்மானம் நிறைவேறியது. புதிய தெய்வத்துக்கு லிவியாவே பெண் குரு ஆனார். வழிபாட்டை நடத்த உயர்குடியினரில் 21 பேர் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர்களோடு அரச குடும்பத்தாரும் சேர்க்கப்பட்டனர். 24 ஆண்டுகளுக்குப் பின் காலிகுலா தம் தங்கை துருசில்லாவைத் தெய்வமாக்கியபோதும், அவள் விண்ணேறியதைப் பார்த்தேன் என்று சொல்ல ஒரு செனட்டர் கிடைத்தார். டியோவின் கணக்குப்படி அவருக்குக் கிடைத்ததும் அதே பத்து லட்சம்தான்.

பிற்காலத்தில் சாட்சியின் இடத்தைப் பெரும் சடங்கொன்று பிடித்துக்கொண்டது. செப்டிமியஸ் செவெரஸ் கி.பி. 211இல் பிரித்தானியாவின் யார்க் நகரில் இறந்தார். அவருடைய சாம்பல் ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட பின் நடந்ததை வரலாற்றாசிரியர் ஹெரோடியன் விரிவாக எழுதியிருக்கிறார். இறந்தவரைப் போலவே மெழுகில் உருவம் ஒன்று செய்து, நோயாளியைப் போல வெளிறிய முகத்தோடு, அரண்மனை வாயிலில் தந்தக் கட்டிலில் கிடத்தினர். இடப்புறம் கறுப்பு உடையில் செனட்டர்களும், வலப்புறம் நகையின்றி வெள்ளை உடையில் உயர்குடிப் பெண்களும் அமர்ந்திருந்தனர். ஏழு நாளும் மருத்துவர்கள் வந்து மெழுகு உருவத்தைச் சோதிப்பதுபோல் சோதித்து, நிலைமை மோசமாகி வருவதாக அறிவித்தார்கள். ஏழாம் நாள் 'இறந்துவிட்டார்' என்றதும் கட்டிலைச் சுமந்து நகரின் பொதுச் சதுக்கமான மன்றத்துக்கும், அங்கிருந்து மார்ஸ் திடலுக்கும் கொண்டுபோனார்கள். அங்கே மரத்தால் பல அடுக்குகள் கொண்ட கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டிருந்தது. மேலே போகப்போகக் குறுகும் அதைக் கலங்கரை விளக்கத்துக்கு ஒப்பிடுகிறார் ஹெரோடியன். உள்ளே சுள்ளிகள், வெளியே பொன்னிழைத் துணிகளும் தந்தச் சிற்பங்களும். மாகாணங்களிலிருந்து வந்த நறுமணப் பொருள்களைக் குவித்து, குதிரைப் படையினர் சுற்றிவந்த பின், அரியணை ஏறியவர் தீ மூட்டுவார். தீ பரவும்போது உச்சியிலிருந்து கழுகொன்று பறக்கவிடப்படும். அதுவே பேரரசரின் ஆன்மாவை விண்ணுக்குச் சுமந்து செல்வதாக ரோமானியர் கருதினர்.

இதே செவெரஸ் கி.பி. 193இல் தமக்கு முன் ஆண்ட பெர்டினாக்ஸுக்கு இப்படியொரு சடங்கை நடத்தியபோது டியோ செனட்டர்களில் ஒருவராக நேரில் இருந்தார். உறங்குபவர்மேல் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்வதுபோல், அழகிய சிறுவன் ஒருவன் மயில் இறகால் மெழுகு உருவத்துக்கு விசிறிக்கொண்டிருந்ததை அவர் மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். பிற்பாடு செவெரஸ் தம்மை முன்னாள் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் மகனென்று அறிவித்துக்கொண்டு, அவுரேலியஸின் மெய்யான மகனும் செனட்டே சபித்து ஒதுக்கியவருமான கொமோடஸைத் தம் 'சகோதரர்' என்று தெய்வமாக்கச் செய்தார். படைபலம் உள்ளவர் கேட்டால் செனட் எவ்வளவு வளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கேள்வி: அக்கால மக்கள் இதை உண்மையிலேயே நம்பினார்களா? (வாசகர், மதுரை)

பதில்: நகைத்தவர்கள் இருந்தார்கள். கிளாடியஸ் கி.பி. 54இல் இறந்தபோது நீரோ படித்த இரங்கலுரையை எழுதிக் கொடுத்தவர் தத்துவ அறிஞர் செனெகா. இறந்தவரின் முன்யோசனையையும் அறிவையும் அதில் புகழ்ந்த இடத்தில் கேட்டிருந்தோரால் சிரிப்பை அடக்க முடியவில்லை என்கிறார் டாசிடஸ். அதே செனெகா எழுதியதாகக் கருதப்படும் அங்கத நூலொன்றில், விண்ணுலகின் வாசலில் நொண்டிக்கொண்டு வந்து நிற்கும் கிளாடியஸைத் தெய்வங்களின் சபை விசாரித்து, முன்பே தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் சொல்லைக் கேட்டு, வெளியே தள்ளிவிடுகிறது. கி.பி. 79இல் மரணப் படுக்கையில் கிடந்த வெஸ்பாசியன், 'ஐயோ, நான் கடவுளாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது' என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் பதிவுசெய்திருக்கிறார்.

ஆனால் இந்த நகைப்புகளைக் கொண்டு 'யாருமே நம்பவில்லை, எல்லாம் நாடகம்' என்று முடிவுகட்டுவது சரியன்று என்பது என் கருத்து. நம்பிக்கையை அறிக்கையிடுவதை மையமாகக் கொண்ட சமயங்களின் அளவுகோலை, சடங்கைச் சரிவரச் செய்வதையே சமயமாகக் கொண்டிருந்த ரோமானியரிடம் கொண்டுபோய் நீட்டுவதால் வரும் இடர்ப்பாடு இது. நம்புகிறாயா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உரிய நாளில் உரிய பலி கொடுக்கப்பட்டதா என்பதே கேள்வி. அந்தப் பலிகளிலும் வரிசை முறை தெளிவாக இருந்தது. 'அர்வல் சகோதரர்' என்னும் பழைய குருமார் குழு கல்லில் வெட்டிவைத்த நடவடிக்கைக் குறிப்புகளின்படி, தெய்வமான அகஸ்டஸுக்கு எருதும், தெய்வமான லிவியாவுக்குப் பசுவும், உயிரோடிருக்கும் பேரரசரின் கேனியஸுக்குக் காளையும் கொடுக்கப்பட்டன. கிழக்கு மாகாணங்களிலோ பலி பல வேளைகளில் பேரரசருக்கு என்று இல்லாமல், பேரரசரின் நலனுக்காகப் பிற தெய்வங்களுக்குக் கொடுக்கப்பட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நோய் தீர்ந்ததற்கோ கடலில் உயிர் பிழைத்ததற்கோ நன்றியாகப் பேரரசருக்கு நேர்த்திக்கடன் செலுத்திய சான்று மிகமிக அரிது. காய்ச்சல் கண்டவர்கள் மருத்துவத் தெய்வமான அஸ்கிளேப்பியஸிடம் போனார்கள். வரியைக் குறைப்பவரும், நிலநடுக்கத்தில் இடிந்த நகரைத் திருப்பிக் கட்டித் தருபவரும், வழக்கில் கடைசித் தீர்ப்புச் சொல்பவருமான ஒருவரின் ஆற்றலை எந்த வரிசையில் வைப்பது என்ற கேள்விக்கு, தெய்வங்களுக்குச் செய்யும் மரியாதையைத் தவிர வேறு பொருத்தமான மரியாதை அந்த நகரங்களின் கையில் இருக்கவில்லை.

கேள்வி: இந்த வழிபாடு மேலிருந்து திணிக்கப்பட்டதா? இதனால் ஆதாயம் அடைந்தவர்கள் யார்? (ஆசிரியர், கோயம்புத்தூர்)

பதில்: மேற்கில் பெரும்பாலும் மேலிருந்து தொடங்கிவைக்கப்பட்டது, கிழக்கில் கீழிருந்து கேட்டுப் பெறப்பட்டது. கிழக்கில் நடந்த போட்டியைப் படித்தால் சிரிப்பும் வரும். டைபீரியஸுக்கும் அவர் தாய்க்கும் செனட்டுக்கும் ஆசியா மாகாணம் ஒரு கோயில் கட்ட அனுமதி பெற்றதும், அது தங்கள் ஊரில்தான் அமைய வேண்டும் என்று 11 நகரங்கள் கி.பி. 26இல் செனட்டின் முன் வாதாடின. தங்கள் மண்ணில் 1,200 ஆண்டுகளாக நிலநடுக்கமே வந்ததில்லை என்றும் உறுதியான பாறைமேல் அடித்தளம் அமையும் என்றும் ஹாலிகர்னாசஸ் நகரத்தார் கூறினர். பெர்கமோனில் ஏற்கெனவே அகஸ்டஸின் கோயில் இருப்பதாலும், எபேசுவும் மிலேத்துவும் தத்தம் பழைய தெய்வங்களின் பணியிலேயே மூழ்கியிருப்பதாலும் அவை கழிக்கப்பட்டன. சில நகரங்கள் சிறியவை என்று தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டன. கடைசியில் சார்டிஸும் ஸ்மிர்னாவும் எஞ்சின. ரோமா தெய்வத்துக்கு முதன்முதலில் கோயில் கட்டியவர்கள் தாங்களே என்ற வாதத்தால் ஸ்மிர்னா வென்றது. மாகாணக் கோயிலைப் பெற்ற நகரம் 'கோயில் காவலர்' என்ற பட்டத்தைக் காசுகளில் பொறித்துக்கொண்டது. அத்தகைய கோயில் இரண்டோ மூன்றோ பெற்ற நகரங்கள் அந்த எண்ணிக்கையையும் சேர்த்துப் பொறித்து அண்டை நகரங்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டன.

இதே ஆசியா மாகாணத்தார் அகஸ்டஸுக்கு மிகச் சிறந்த மரியாதையை முன்மொழிபவருக்குக் கிரீடம் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். கி.மு. 9இல் அப்பரிசை வென்றவர் ஆளுநரான பவுலஸ் ஃபேபியஸ் மாக்சிமஸ். அகஸ்டஸ் பிறந்த செப்டம்பர் 23ஆம் நாளே இனி ஆண்டின் முதல் நாளாக இருக்கட்டும் என்பது அவர் யோசனை. அகஸ்டஸின் பிறப்பே உலகுக்கு நற்செய்தியின் தொடக்கம் என்று புகழும் அத்தீர்மானத்தின் கல்வெட்டு பிரியேனே நகரில் கிடைத்திருக்கிறது. ஆளுநரே போட்டியில் கலந்து பரிசும் பெற்றார் என்பதால், மேலிருந்தா கீழிருந்தா என்ற உங்கள் கேள்விக்கு இங்கே ஒற்றை விடை கிடையாது.

ஆதாயம் பலருக்கு. உள்ளூர்ச் செல்வர்களுக்குத் தலைமைக் குரு பதவி பெருமை தந்தது. அதற்கு விலையாக விழா, விருந்து, கிளாடியேட்டர் போட்டி ஆகியவற்றின் செலவை அவர்களே ஏற்றனர். விடுதலை பெற்ற அடிமைகள் எவ்வளவு பணம் சேர்த்தாலும் நகராட்சிப் பதவிகளுக்கு வர முடியாது. அவர்களுக்கென்று 'அகுஸ்தாலெஸ்' என்னும் குழு இருந்தது. கட்டணம் கட்டி அதில் சேர்ந்தவர்களுக்குப் பொது இடங்களில் மரியாதையும் ஊரார் நடுவே ஒரு நிலையும் கிடைத்தன. ஹெர்குலேனியத்தில் எரிமலைச் சேற்றில் புதைந்த அவர்களுடைய மண்டபம் ஒன்றை இன்றும் காணலாம். படையிலும் இந்த வழிபாடு நாள்காட்டியாகவே மாறியிருந்தது. யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் உள்ள டூரா-யூரோப்போஸ் என்னும் எல்லைக் கோட்டையில் கிடைத்த பாப்பிரஸ் ஆவணம் ஒன்று, கி.பி. 225ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கிருந்த படைப்பிரிவு எந்தெந்த நாளில் யாருக்குப் பலியிட வேண்டும் என்று பட்டியலிடுகிறது. இறந்து இருநூறு ஆண்டுகள் கடந்த, பேரரசராகவே ஆகாத ஜெர்மானிக்கஸின் பிறந்தநாள்கூட அதில் இருக்கிறது. படைகளின் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது எளிது, எடுப்பதற்குத்தான் யாருக்கும் துணிவு வருவதில்லை.

மேற்கின் கதை வேறு. இன்றைய பிரான்சை உள்ளடக்கிய 'கால்' (Gaul) நாட்டைச் சீசர் வென்று ஒரு தலைமுறைக்குப் பின், கி.மு. 12இல் லியோன் நகருக்கருகே ரோமாவுக்கும் அகஸ்டஸுக்கும் பலிபீடம் ஒன்றை அகஸ்டஸின் மனைவியின் மகனான துரூசஸ் அமைத்தார். கால் நாட்டின் 60 இனங்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. அதன் முதல் குரு வெர்கொண்டரிதுப்னஸ் என்னும் கால் நாட்டுக்காரர். தோற்ற இனத்தின் தலைவர்களுக்கு வென்றவர்களின் அமைப்பில் முதல் இருக்கை தருவதே ஏற்பாட்டின் உட்பொருள். இதே முறை பிரித்தானியாவில் பிசகிற்று. கொல்செஸ்டரில் கிளாடியஸுக்கு எழுப்பிய கோயிலுக்குக் குருவாக நியமிக்கப்பட்ட உள்ளூர்த் தலைவர்கள் வழிபாட்டின் பெயரால் சொத்தையெல்லாம் இழந்தார்கள் என்றும், அக்கோயில் நிரந்தர அடிமைத்தனத்தின் கோட்டையாக அவர்கள் கண்ணுக்குப் பட்டது என்றும் டாசிடஸ் எழுதுகிறார். கி.பி. 60ஐ ஒட்டி அரசி பூதிக்காவின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தபோது, உள்ளே புகலடைந்தவர்கள் இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். பிறகு கோயில் வீழ்ந்தது. அதன் அடித்தளத்தின்மேல்தான் இன்றைய கொல்செஸ்டர் கோட்டை நிற்கிறது.

கேள்வி: பேரரசிகளையும் தெய்வமாக்கினார்களா? (வாசகி, காரைக்குடி)

பதில்: ஆம். தம் தாய் லிவியாவுக்கு டைபீரியஸ் தடுத்துவிட்ட தெய்வநிலையை லிவியாவின் பேரன் கிளாடியஸ் வழங்கினார். நீரோவுக்கு கி.பி. 63இல் பிறந்து நான்கு மாதம்கூட நிறையாமல் இறந்த மகளும் தெய்வமாக்கப்பட்டாள். அன்டோனினஸ் பயஸின் மனைவி ஃபவுஸ்தினாவுக்காக எழுப்பிய கோயிலின் முகப்புத் தூண்கள் ரோமானிய மன்றத்தில் இன்றும் நிற்கின்றன. பின்னாளில் அது கிறித்தவத் தேவாலயமாக மாற்றப்பட்டதால் பிழைத்தது.

கேள்வி: முசிறியில் அகஸ்டஸுக்குக் கோயில் இருந்தது உண்மையா? (வாசகர், கரூர்)

பதில்: 'பாயிட்டிங்கர் வரைபடம்' என்னும் பழைய ரோமானியச் சாலை வரைபடத்தின் இடைக்காலப் பிரதி வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் முசிறி என்று எழுதப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் வரையப்பட்டு, 'அகஸ்டஸ் கோயில்' என்று இலத்தீனில் குறிக்கப்பட்டிருக்கிறது. சான்று இவ்வளவே. முசிறித் துறைமுகத்தின் பகுதியாக இருக்கலாம் என்று பலர் கருதும் பட்டணம் என்னும் கேரளச் சிற்றூரின் அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச் சாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. அக்கோயில் என்று சொல்லத்தக்க கட்டடம் கிடைக்கவில்லை. வரைந்தவர் உள்ளூர்க் கோயிலொன்றைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஆயினும் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனக் கலங்களை அகநானூறு பாடுகிறது. பருவக்காற்று திரும்பும்வரை அவ்வணிகர்கள் இங்கே தங்க நேர்ந்தது. ரோமானியக் குடிமக்கள் வெளிநாட்டில் கூடி வாழ்ந்த இடங்களில் இத்தகைய கோயில் எழுப்புவது புதுமையன்று என்பதால், வரைபடத்தின் செய்தியை நான் நம்பத்தகாதது என்று தள்ளமாட்டேன். உங்கள் ஊர்ப் பக்கத்திலும் கோவை வட்டாரத்திலும் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவையே மிகுதி. முன்னவரின் காசு அவரைத் 'தெய்வத்தின் மகன்' என்றும், பின்னவரின் காசு அவரைத் 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்றும் அழைக்கிறது. எடையும் மாற்றும் பார்த்து அவற்றை வாங்கிய வணிகர்கள் அந்த எழுத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பேரரசரை வணங்க மறுத்ததால்தான் கிறித்தவர்கள் கொல்லப்பட்டார்களா? யூதர்கள் எப்படித் தப்பினார்கள்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: யூதர்களைப் பொறுத்தவரை ஒரு சமரசம் நிலவியது. எருசலேம் ஆலயத்தில் பேரரசருக்காக நாள்தோறும் பலி கொடுக்கப்பட்டது. அது பேரரசருக்கு அன்று, பேரரசரின் நலனுக்காக அவர்கள் கடவுளுக்குக் கொடுக்கப்பட்டது. இந்த நுட்பம் காலிகுலாவுக்குப் பிடிக்கவில்லை. அலெக்சாந்திரியாவிலிருந்து யூதத் தூதுக் குழுவுக்குத் தலைமையேற்றுச் சென்ற பிலோ, 'எனக்காகப் பலியிட்டீர்கள், எனக்குப் பலியிடவில்லையே' என்று அவர் குறைபட்டதாக எழுதுகிறார். தம் சிலையை ஆலயத்துக்குள் நிறுவுமாறு அவர் ஆணையிட்டபோது சிரியாவின் ஆளுநர் பெட்ரோனியஸ் வேண்டுமென்றே காலம் கடத்தினார், கி.பி. 41 ஜனவரியில் காலிகுலா கொலையுண்டதால் ஆபத்து நீங்கியது. கி.பி. 66இல் ஆலயக் குருமார் அந்த நாள் பலியை நிறுத்தியதே ரோமுக்கு எதிரான போரின் தொடக்கமாயிற்று.

கிறித்தவர்களைப் பற்றிய பரவலான கருத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. கி.பி. 112ஐ ஒட்டிப் பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி, கிறித்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களைச் சோதித்த முறையைப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார்: தெய்வங்களை வேண்டி, தெய்வச் சிலைகளோடு கொண்டுவந்து வைத்த டிராஜனின் உருவத்துக்குச் சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைப் பழித்தவர்களை அவர் விட்டுவிட்டார். டிராஜனின் விடையைக் கூர்ந்து படிக்க வேண்டும். 'நம் தெய்வங்களை' வணங்கித் தம் மறுப்பை மெய்ப்பிப்பவருக்கு மன்னிப்பு உண்டு என்கிறார். தம் உருவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கி.பி. 249இன் இறுதியில் அரியணையில் இருந்த டேசியஸ் பேரரசெங்கும் பலியிடுமாறு பிறப்பித்த ஆணையும் தெய்வங்களுக்கு உரியதே. பலியிட்டதற்கு அதிகாரிகள் தந்த சான்றிதழ்கள் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. ஊரின் தெய்வங்களை ஒதுக்கித்தள்ளியதே முதன்மையான குற்றம். பேரரசரின் உருவம் அச்சோதனையில் துணையாக வந்து நின்றது, அவ்வளவே.

கேள்வி: கான்ஸ்டன்டைன் கிறித்தவரானதும் இது நின்றுவிட்டதா? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. அவருடைய ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் உம்பிரியாவின் ஹிஸ்பெல்லம் நகரத்தார் அவர் குடும்பத்துக்குக் கோயில் எழுப்ப அனுமதி கேட்டனர். அவர் மறுக்கவில்லை. 'மூடநம்பிக்கையின் மாசு' எதுவும் அதில் படியக்கூடாது என்று நிபந்தனை மட்டும் விதித்தார். அதாவது கோயில் உண்டு, குரு உண்டு, நாடகமும் கிளாடியேட்டர் போட்டியும் உண்டு, பலி மட்டும் இல்லை. கி.பி. 337இல் திருமுழுக்குப் பெற்று இறந்த அவரையும் செனட் பழைய வழக்கப்படி தெய்வமாக அறிவித்தது. அவர் மகன்கள் வெளியிட்ட காசில் அவர் நான்கு குதிரைத் தேரில் வானேறுகிறார். மேலேயிருந்து ஒரு கை அவரை நோக்கி நீள்கிறது. பழைய சமயத்தார் அதைத் தங்கள் வழியிலும் கிறித்தவர் தங்கள் வழியிலும் பொருள் கொண்டிருப்பர்.

பேரரசர் தியோடோசியஸ் கி.பி. 391, 392ஆம் ஆண்டுகளில் பலிகளைத் தடைசெய்தார். வழிபாடு போன பிறகும் பதவிகள் போகவில்லை, ஏனெனில் மாகாணச் செல்வர்களுக்கு வேண்டியிருந்தது அந்தப் பதவியின் மதிப்புத்தான். ரோமானிய ஆட்சியே மறைந்து வாண்டல் என்னும் ஜெர்மானிய இனத்து அரசர்கள் ஆண்ட வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனீசியாவின் ஹைத்ராவில் 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கே அடக்கம் செய்யப்பட்ட அஸ்தியஸ் முஸ்தெலஸ் என்பவரை அது பேரரசர் வழிபாட்டுக்குரிய 'நிரந்தரக் குரு' என்றும், அதே வரியில் 'கிறித்தவர்' என்றும் குறிப்பிடுகிறது.